திருமடலும் தெற்குக் கடலும்

2023-ஆம் ஆண்டு பினாங்கின் சூழல் வரலாற்றிலும் அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றிலும் ஒருசேரக் குறிக்கத்தக்கது. தீவின் தென்கரையை ஒட்டிய கடலை மண்ணிட்டு நிரப்பிச் செயற்கைத் தீவு ஒன்றை எழுப்பும் பணி அவ்வாண்டில்தான் தொடங்கியது. செப்டம்பர் 30 அன்று பினாங்கு மறைமாவட்ட ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அவரை உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், நான்கே நாள்களில், அக்டோபர் 4 அன்று, காலநிலை நெருக்கடி குறித்து ‘லவ்தாத்தே தேயும்’ என்னும் மடலை வெளியிட்டார். இம்மூன்றுக்கும் ஒன்றோடொன்று நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும், படைப்பைப் பேணுவது சமயக் கடமை என்னும் கருத்து ஏட்டில் எத்துணைத் தெளிவாக இருக்கிறது என்பதையும், மலையும் கடலும் மனைநிலமாக விலைபோகும் ஓர் ஊரில் அது எத்துணைச் சிக்கலாகிறது என்பதையும் விளங்கிக்கொள்ள இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது உதவும்.

விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்கநூல், மனிதனுக்கு உலகின்மேல் ஆளுகை கொடுக்கப்பட்டதாக ஓரிடத்திலும், தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பணி கொடுக்கப்பட்டதாக அடுத்த இயலிலும் சொல்கிறது. முதற்கூற்றை மட்டும் பற்றிக்கொண்டு மேலைக் கிறித்தவம் இயற்கையைச் சூறையாட இடம்கொடுத்தது என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967-இல் ‘சயின்ஸ்’ இதழில் குற்றஞ்சாட்டினார். அதே கட்டுரையில் அசிசி நகரத் தூய பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அவர் முன்மொழிந்ததும், பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதனை அதிகாரமுறையாக அறிவித்ததும், குற்றச்சாட்டு வீண்போகவில்லை என்பதற்குச் சான்று. உலகின் உரிமையாளர் கடவுளே, மனிதன் கணக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளன் மட்டுமே என்னும் பொறுப்பாண்மைக் கோட்பாடு அதன்பின் பெரும்பாலான சபைகளில் வலுப்பெற்றது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983-இல் வான்கூவரில் நீதி, அமைதி ஆகியவற்றோடு படைப்பின் முழுமையையும் சேர்த்துப் பேசியது. கிழக்கு மரபுச் சபையின் முதுபெரும் தலைவர் முதலாம் திமித்ரியோஸ் 1989-இல் செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்கான இறைவேண்டல் நாளாக்கினார். அந்நாள் தொடங்கி அக்டோபர் 4 வரை நீளும் வாரங்களைப் பல சபைகள் இன்று ‘படைப்பின் காலம்’ எனக் கடைப்பிடிக்கின்றன. எல்லாரும் ஒரே மனத்தினர் அல்லர். இறுதிநாளில் அழியப்போகும் உலகைச் சீர்செய்வதைவிட ஆன்மாக்களை மீட்பதே முதன்மை எனக் கருதும் போக்கு சில சுவிசேஷச் சபைகளில் இன்றும் உண்டு. ஆனால் உலகளாவிய சுவிசேஷத் தலைவர்கள் கூடி 2010-இல் வெளியிட்ட கேப்டவுன் உடன்பாடே படைப்பைப் பேணுவதை நற்செய்திப் பணியோடு இணைத்துவிட்டது.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடல், அதாவது திருத்தந்தை உலகுக்கு விடுக்கும் போதனைக் கடிதம், இவ்வரிசையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. நிலத்தின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் வேறுவேறல்ல என்னும் ‘ஒருங்கிணைந்த சூழலியல்’ அதன் அடிப்படை. அதன் இருநூற்று நாற்பத்தாறு பத்திகளில் பினாங்கு வாசகர் இரண்டை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 211-ஆம் பத்தி நெகிழியைத் தவிர்த்தல், தண்ணீரைச் சிக்கனப்படுத்தல், குப்பையைப் பிரித்தல் போன்ற அன்றாடப் பழக்கங்களைப் பாராட்டுகிறது. 183-ஆம் பத்தி வேறு வகையானது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு திட்டம் முடிவான பிறகு தயாரிக்கப்படும் இணைப்பாக இருக்கக்கூடாது, தொடக்கத்திலிருந்தே அரசியல், பொருளாதார அழுத்தமின்றி நடைபெற வேண்டும், பாதிக்கப்படும் ஊர்மக்களுக்குப் பேச்சுமேசையில் தனியிடம் வேண்டும் என்கிறது.

211-ஆம் பத்தியைப் பொறுத்தவரை பினாங்கு திருமடலை முந்திக்கொண்டது. இலவச நெகிழிப் பை இல்லாத திங்கட்கிழமையை மாநில அரசு 2009 ஜூலையிலேயே கொண்டுவந்து, 2011 முதல் அதை எல்லா நாளுக்கும் விரித்து, பை ஒன்றுக்கு 20 சென் வாங்கச் செய்தது. ஆகவே மறைவுரையில் துணிப்பையைப் பற்றிப் பேசும் குருவானவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடமே பேசுகிறார். பேணும் பழக்கம் ஆலய மதிலுக்குள்ளும் உண்டு. பெருநிலப் பகுதியில், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஜூலைத் திருவிழாவுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் மெழுகுதிரியோடு திரள்கின்றனர். இந்துக்களும் சீனர்களும் நேர்ந்துகொண்டு வருகின்றனர். அவ்வாலய வளாகத்துக்குள்ளேயே செரோக் தொக்குன் கல்வெட்டு என்னும் பெரிய கருங்கற்பாறை இருக்கிறது. தென்னிந்திய மரபைச் சேர்ந்த தொல்லெழுத்துகள், தேய்ந்து மங்கிய நிலையில், அதன்மேல் காணப்படுகின்றன. கர்னல் ஜேம்ஸ் லோ 1840-களில் அவற்றைப் பதிவுசெய்தார். கிறித்தவம் இப்பகுதிக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்திய, வேற்றுச் சமயத்தார் பொறித்த ஒன்றை ஒரு கத்தோலிக்க ஆலயம் தன் மதிலுக்குள் வைத்திருப்பது, பொறுப்பாண்மைக்குப் பினாங்கில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு.

நிலத்தின் கதை இவ்வளவு இதமானதன்று. 76 மீட்டருக்கு மேற்பட்ட உயரமோ 25 பாகைக்கு மேற்பட்ட சரிவோ கொண்ட மலைநிலத்தில் கட்டடம் எழும்பக்கூடாது என்பது மாநிலத்தின் பொதுவிதி. சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கும் உண்டு, சர்ச்சை பிறப்பதும் அங்கேதான். 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் குடியிருப்புக் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். இரண்டு வாரம் கழித்துப் பெய்த பேய்மழையில் மாநிலமே வெள்ளத்தில் மூழ்கியது.

தெற்குக் கடல் திட்டம் முதலில் மூன்று தீவுகளாக, 4,500 ஏக்கராகத் தீட்டப்பட்டது. போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்கு நிலத்தை விற்றுப் பணம் திரட்டுவது நோக்கம். 2019-இல் கிடைத்த சுற்றுச்சூழல் ஒப்புதலை, மீனவர்களின் முறையீட்டின்பேரில், மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் ரத்து செய்தது. 2023-இல் மறுபடி ஒப்புதல் கிடைத்து, மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கி, 2,300 ஏக்கர் ‘சிலிக்கான் தீவு’ ஆயிற்று. மறு ஆண்டே அப்போக்குவரத்துப் பெருந்திட்டத்தைச் சேர்ந்த இலகு ரயிலின் செலவை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது; கடலை நிரப்பச் சொன்ன காரணம் தளர்ந்தும் பணி நிற்கவில்லை. திட்டம் முதலில், காரணம் பிறகு என்ற ஐயத்தை இவ்வரிசை எழுப்பத்தான் செய்கிறது. 183-ஆம் பத்தி எச்சரிப்பதும் இதைத்தான்.

இவ்விடத்தில் தமிழகக் கடற்கரையோடு ஒப்பிடுவது பயன்தரும். 1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் நீரையும் வாழ்வையும் காக்கத் திரண்ட மீனவர் பேரணியை நடத்திய தேசிய மீனவர் அமைப்பின் தலைவர் தாமஸ் கோச்சேரி ஒரு குருவானவர். 2011-இல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டத்துக்கு இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகமே களமாயிற்று. அங்கே மீனவர் வேறு, பங்குமக்கள் வேறு அல்லர். மணியடித்தால் கூடுவோர் இருந்தனர். பினாங்கின் தெற்கே, சுங்கை பத்து, கெர்தாக் சங்குல், தெலுக் கும்பார் கரைகளில் வலைவீசுவோர் பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள். அவர்கள் பக்கம் நின்று பேசிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் நெடுங்காலம் வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் தமிழ் முஸ்லிம். கிறித்தவரோ சிறுபான்மையினர், பெரும்பாலும் நகரவாசிகள். புதிய குடியிருப்பில் வீடு வாங்குவோரும், கட்டுமானத்திலும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் பிழைப்போரும் அவர்களுள் உண்டு. தன் ஆலயத்துக்கு வராத அயலானின் கடலுக்காக ஒரு சபை எந்த அளவு குரல் கொடுக்கும் என்பதே பொறுப்பாண்மைக் கோட்பாட்டுக்கு இங்கே வாய்த்த தனிச் சோதனை. கிறித்தவர் தனித்து நிற்பதைவிடப் பொதுக் குடிமக்கள் அமைப்புகளில் சேர்ந்து உழைப்பதே இச்சூழலுக்குப் பொருந்தும் வழி எனத் தோன்றுகிறது.

போராட்டம் சமயத்துக்கு ஒவ்வாதது என்னும் தயக்கத்துக்கு ‘லவ்தாத்தே தேயும்’ இடம்தரவில்லை. காலநிலை மாநாடுகளில் குரலெழுப்புவோரைத் தீவிரவாதிகள் என்று ஒதுக்கும் வழக்கத்தை மறுத்து, சமுதாயம் விட்டுவைத்த வெற்றிடத்தையே அவர்கள் நிரப்புகின்றனர் என்கிறது. 2025 ஜூலையில் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் ஆயர் பேரவைகள் திருத்தந்தை பதினான்காம் லியோவிடம் அளித்த கூட்டறிக்கை இன்னும் ஒருபடி மேலே போய், பசுமை என்ற பெயரில் வரும் போலித் தீர்வுகளை எதிர்க்கச் சொல்கிறது. நிரப்பிய கடலின்மேல் எழவிருக்கும் தொழில்நுட்பப் பூங்காவும் பசுமைப் பெயரோடுதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மலேசியக் கத்தோலிக்கரின் 2026-ஆம் ஆண்டு மேய்ப்புப்பணி மாநாட்டுக்குக் குறிக்கப்பட்ட நான்கு தலைப்புகளுள் திருச்சபை, குடும்பம், சமுதாயம் ஆகியவற்றோடு சூழலியலும் ஒன்று. அத்தலைப்பின்கீழ் குப்பையும் மரக்கன்றும் பேசப்படும் என்பதில் ஐயமில்லை, கடல் நிரப்பு பேசப்படுமா என்பதுதான் கவனிக்க வேண்டியது.