200 காவல்லிக்குக் காற்று எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை இரவு வுச்சீரியாவில் கதைக்கிற கதைகளில் பாதி கார்க்கதைதான். கராஃபெல்லோ சதுக்கத்தில் பியர் கிளாசோடு நிற்கிற எங்கட பெடியளில் அரைவாசிப் பேருக்கு ஒரே கனவு. பாவித்த அபார்த் 500 ஒன்றை வாங்கி 200 காவல்லிக்கு ஏத்த வேணும். ஓவர்கிளாக்கிங் பற்றிக் கதைச்ச எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளிலும் இதுதான் திரும்பத் திரும்ப வந்தது: "அண்ணா, சென்ட்ராலினாவுக்கு புது ஃபைல் எழுதினால் காணும்தானே?"

காணாது. ஏன் காணாது என்று கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கல்குலேட்டர் இருந்தால் சரி.

முதலில் எஞ்சின். 1.4 டி-ஜெட், 1368 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு. இது ஃபியட்டின் ஃபயர் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பம் 1985இல் ஆட்டோபியாங்கி ஒய்10 காரில் முதன்முதல் வந்தது. ரோபோக்கள் பூட்டுகிற மாதிரி வரைந்த எஞ்சின் என்பதால்தான் அந்தப் பெயர். 2008இல் அபார்த் 500 வந்தபோது இதே எஞ்சின் டர்போவோடு 135 காவல்லி, அதாவது 99 கிலோவாட். இத்தாலியில் போல்லோ வரி 100 கிலோவாட்டுக்கு மேல் கூடிய வீதத்துக்கு ஏறும். 99இல் நிறுத்தினது தற்செயல் என்று நான் நம்பவில்லை!

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்ப். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அந்த 1368 சிசி உள்ளே போகும். 5500 சுற்றில் அது நிமிடத்துக்கு 3760 லீட்டர் அளவு காற்று. நிறை ஏறத்தாழ 4.5 கிலோ. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று சுமார் 22 காவல்லி தரும் என்பது டியூனிங் ஆட்கள் பாவிக்கிற பழைய வாய்ப்பாடு. பெருக்கிப் பாருங்கோ, 99 வரும். டர்போ இல்லாத 1.4 எஞ்சினோடு வந்த சாதாரண ஃபியட் 500க்கு கம்பனி கொடுத்த எண் 100. வாய்ப்பாடு பிழையில்லை.

இப்ப 200 வேணும் என்றால் நிமிடத்துக்கு 9 கிலோ காற்று வேணும். எஞ்சின் பெருக்காது, சுற்றும் பெரிதாகக் கூடாது. ஆகவே அதே இடத்துக்குள் இரண்டு மடங்கு காற்றை அமத்தி ஏத்த வேணும். தாளில் அது 1 பார் பூஸ்ட். சூடான காற்று ஐதாகும், குழாய்களிலும் கொஞ்சம் இழப்பு வரும் என்பதால் நடைமுறையில் 1.2, 1.3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இந்தச் சூடுதான். ஓகஸ்ட் மாதம், சிறோக்கோ அடிக்குது, வெளியே 35 பாகை. அந்தக் காற்றை டர்போ இரண்டேகால் மடங்கு அழுத்தத்துக்கு ஏத்தினால் அது வெளியே வரும்போது 145 பாகை அளவில் இருக்கும். இன்டர்கூலர் அதை 60க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் கால் பங்கு காற்று கூடுதலாக உள்ளே போகும். இறக்காவிட்டால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முதலே தானாக வெடிக்கத் தொடங்கும். அதுதான் நாக்கிங். நாக் சென்சர் அதைக் கேட்டவுடன் சென்ட்ராலினா இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். லாப்டாப் சூடாகினால் சிபியு தன்னைத் தானே மெதுவாக்குமே, அச்சு அசல் அதே வேலை. ஃபேன் மாத்தாமல் ஓவர்கிளாக் செய்தவனுக்கு பெஞ்ச்மார்க் முதல் நிமிடம் மட்டும் அழகாக இருக்கும். காசு கொடுத்து வாங்கின 200 காவல்லியும் அப்படித்தான்: ஜனவரியில் டைனோ பெஞ்சில் இருக்கும், ஓகஸ்டில் மொந்தெல்லோ ரோட்டில் இருக்காது. நாக்கிங்கை சென்ட்ராலினா பிடிக்கத் தவறினால் போவது பிஸ்டன்.

அடுத்தது பெட்ரோல். முழுச் சுமையில் 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று போட்டால், 9 கிலோ காற்றுக்கு 750 கிராம். அது ஒரு லீட்டர். நிமிடத்துக்கு ஒரு லீட்டர்! நாலு இன்ஜெக்டரும் ஆளுக்கு 250 மில்லி ஊத்த வேணும், அதுவும் முழு நேரமும் திறந்திருக்காமல். பழைய இன்ஜெக்டரும் பம்பும் தாங்குதா என்று பார்க்காமல் பூஸ்டை மட்டும் ஏத்தினால் கலவை மெலியும், சூடு இன்னும் ஏறும், திரும்ப நாக்கிங்.

டர்போவும் ஒரு இடத்தில் மூச்சு வாங்கும். கம்பனியே போன பாதையைப் பாருங்கோ. 135இல் சின்ன ஐஎச்ஐ டர்போ. பிறகு "எஸ்ஸெஸ்ஸெ" கிட், 160 காவல்லி. அது ஒரு மரப்பெட்டியில் வந்தது, அபார்த் பட்டறையில்தான் பூட்ட வேணும். பெட்டிக்குள் புது மேப் மட்டுமா இருந்தது? ஏர் ஃபில்டர், ஸ்பிரிங், பிரேக் டிஸ்க், பாட், சில்லு எல்லாம் இருந்தன. வெறும் 25 காவல்லிக்கு! 2009இல் 695 திரிபூத்தோ ஃபெராரிக்கு 180 வேணும் என்றபோது பெரிய கரெட் டர்போவுக்கு மாறினார்கள். 2014இல் இரண்டு சீட் மட்டும் வைத்த 695 பிபோஸ்தோ 190. ரோட்டுக் காரில் இந்த எஞ்சினோடு கம்பனி அதுக்கு மேல் போகவில்லை. ஆகவே 200 கேட்கிற தம்பி, இதைச் செய்த இஞ்சினியர்களே நிறுத்தின கோட்டுக்கு அங்காலே போகக் கேட்கிறார். முடியாது என்று சொல்லவில்லை. ஒரு யூஎஸ்பி கேபிளும் ஒரு பின்னேரமும் காணாது என்று சொல்லுறன்.

முறுக்குவிசையையும் மறக்கக் கூடாது. 5500 சுற்றில் 200 காவல்லிக்கு 255 நியூட்டன் மீட்டர் காணும். பழைய காரில் உச்சம் 206. ஆனால் மலிவு மேப்புகள் 2500 சுற்றிலேயே பூஸ்டை முழுக்கத் திறந்துவிடும், முதுகு சீட்டில் ஒட்டினால்தான் வாடிக்கையாளர் சந்தோசப்படுவார் என்று. கிளட்ச் வழுக்குவதும் கனெக்டிங் ராட் வளைவதும் அங்கேதான். நல்ல டியூனர் கீழ்ச் சுற்றில் முறுக்கை அடக்கி வைத்து மேலே விடுவார். ஓடும்போது கொஞ்சம் சப்பென்று இருக்கும், எஞ்சின் கனகாலம் இருக்கும்.

என்னைக் கேட்டால் மேப் கடைசி வேலை. முதலில் சிலிண்டர் கம்பிரஷன் பார்க்க வேணும், பழைய கார் என்றால் கட்டாயம். பிறகு பிரேக், டயர். பிறகு இன்டர்கூலர், டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச். அதுக்குப் பிறகுதான் ஃபைல். எழுத முதல் ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கோ. இதை எங்கட பொட்காஸ்ட் கேட்கிற ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறன்.

இனி ஒருவரும் கேட்காத பகுதி, காகிதம். எஞ்சின் சக்தியைக் கூட்டினால் இத்தாலியின் வீதிச் சட்டம் 78ஆம் பிரிவின்படி மொதோரிசாசியோனேயில் காரைக் காட்டி, சோதித்து, லிப்ரெத்தோவில் பதிய வேணும். பதியாமல் ஓடிப் பிடிபட்டால் அபராதம், லிப்ரெத்தோவும் போகும். ஜெர்மனியில் இருக்கிற மச்சான் டுஃப் சீட்டு எடுத்து ஓடுறார், எனக்கு ஏன் ஏலாது என்று கேட்பீர்கள். இங்கே பதிவது எவ்வளவு இழுபடும் என்பதற்குப் பலெர்மோ ஆட்களிடமே ஒரு சொல் இருக்கு: வுச்சீரியாவின் பலாத்தே கற்கள் காயும்போது. மீன்கடை ஐஸ் தண்ணியில் எப்பவும் ஈரமாய் இருந்த கற்கள், அதனால் "ஒருநாளும் இல்லை" என்று அர்த்தம். இப்ப மீன்கடைகள் குறைந்து கற்கள் காஞ்சுதான் கிடக்கு, அது வேற கதை.

2024 டிசம்பர் 14க்குப் பிறகு பத்தெந்தே எடுத்தவர்களுக்கு இன்னொரு சுவர். முதல் மூன்று வருஷம் 105 கிலோவாட்டுக்கு மேலும், டொன்னுக்கு 75 கிலோவாட்டுக்கு மேலும் உள்ள கார் ஓடக் கூடாது. அபார்த் 500 ஒரு டொன்னைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒன்றும் செய்யாத 135 காரே டொன்னுக்கு 95 தாண்டும். மேப் எழுத முதலே நீங்கள் வெளியே.

ஆனால் எனக்கு உண்மையாகப் பயம் தருவது இன்சூரன்ஸ். விபத்து நடந்தால் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு கம்பனி காசு கொடுக்கும். பிறகு கார் லிப்ரெத்தோவில் உள்ளபடி இல்லை என்று தெரிந்தால், பல ஒப்பந்தங்களின்படி அதே காசைத் திருப்பிக் கேட்கலாம். ரிவால்சா என்பது அதுதான். எங்கட வீடுகளில் காரும் இன்சூரன்ஸும் பெரும்பாலும் ஆரின் பெயரில்? அப்பாவின் பெயரில். இருபது வருஷம் மற்றவர்களின் வீடு துடைத்து, வயசானவர்களைப் பார்த்து, பாங்கில் சேர்த்த காசுக்குத்தான் அந்தக் கடிதம் வரும். வீட்டில் சொல்லாமல் மேப் எழுதுகிற தம்பிமாரே, அப்பா கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் ரிவால்சா என்ற பகுதியை முதலில் வாசியுங்கோ. அப்பாவுக்கு அந்த இத்தாலியன் கஷ்டமாக இருக்கும், உங்களுக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வேணும் என்றால், 160 கிட் ஏற்கெனவே பூட்டி, லிப்ரெத்தோவும் சரியாக உள்ள காரைத் தேடுங்கோ. இல்லையென்றால் 180 மொடல்: பெரிய டர்போ, பிரேக், காகிதம் எல்லாம் கம்பனியே செய்து விட்டிருக்கு. வுச்சீரியா ஒழுங்கைகளில் அந்தக் கூடுதல் 20ஐ ஓட்டிக் காட்ட இடமும் இல்லை.

அடுத்த எபிசோடில் டைனோ லொக் ஃபைல் ஒன்றைத் திறந்து லாம்டா, இன்டேக் சூடு, நாக் எண்களை வரி வரியாக வாசிக்கப் போறம். உங்களிடம் லொக் இருந்தால் அனுப்புங்கோ. நம்பர் பிளேட்டை மறைச்சு.