கணினிக்குள் ஒரு நடை – 14: பூட்டு யாருடையது?

காலையில் எக்ஸ்போ ரயில் நிலையத்திலிருந்து சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் நடக்கும் கூட்டத்தில் தமிழ் காதில் விழாமல் இருக்காது. வங்கிகளின் கணினிப் பிரிவுகள் பல அங்கேதான். இரவு நேர வேலைகளுக்காக நம் பிள்ளைகள் எழுதும் நிரல்களில் ஒரு வரி தவறாமல் தலைகாட்டும்: பூட்டுக் கோப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் உருவாக்கு. படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவே இன்னொரு நிரல் புகுந்துவிடலாம். இந்த ஓட்டையால் அடிபட்டவற்றில் ஒன்று பழைய யூனிக்ஸ் மின்னஞ்சல்.

அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினிகளில் ஒருவருக்கு வரும் அஞ்சல் எல்லாம் ஒரே கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். எம்பாக்ஸ் என்பார்கள். புதுக் கடிதம் வந்தால் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றை அழித்தால் கோப்பையே திருப்பி எழுத வேண்டும். இப்படி நினைத்துப் பாருங்கள்: சிராங்கூன் சாலைக் கடையில் ஒருவர் பேரேட்டைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் பழைய பேரேட்டில் ஒரு வரவை எழுதிவிட்டுப் போகிறார். பழையதைத் தூக்கிப் போட்டதும் அந்த வரவும் போச்சு. கடிதமும் அப்படித்தான் காணாமல் போகும், எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால்தான் பூட்டு. அஞ்சல் கோப்பின் பெயரோடு '.லாக்' என்று சேர்த்து ஒரு கோப்பை உருவாக்கியவருக்கே எழுதும் உரிமை. 'ஏற்கெனவே இருந்தால் உருவாக்காதே' என்று ஒரே கட்டளையில் சொல்ல யூனிக்ஸில் வழி உண்டு. ஒரே கணினிக்குள் அது பிசகாது.

சன் நிறுவனம் 1980களில் என்.எஃப்.எஸ். என்ற வலைக் கோப்பு முறையைக் கொண்டுவந்தபோது சிக்கல் முளைத்தது. வட்டு சர்வர் என்னும் ஒரு கணினியில், அதைப் பயன்படுத்தும் கணினிகள் பல இடம். அதன் இரண்டாம் பதிப்பில் அந்த ஒற்றைக் கட்டளையை சர்வருக்குச் சொல்லவே வழியில்லை. 'இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி, 'உருவாக்கு' என்று இன்னொரு கோரிக்கை, இரண்டாக உடைந்துதான் போகும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுமே பூட்டு தன்னுடையது என்று நம்பிவிடும். 1995 ஜூனில் வெளியான மூன்றாம் பதிப்பின் வரையறை இதைச் சரிசெய்தது; லினக்ஸில் அது ஒழுங்காக வந்து சேர்ந்தது 2.6 கெர்னலில்தான்.

அதற்கு முன்பே நிரலாளர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. முதலில் கணினியின் பெயரையும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குக் கணினி தரும் செயல் எண்ணையும் சேர்த்து, வேறு யாருக்கும் வராத பெயரில் ஒரு கோப்பை உருவாக்கு. பிறகு 'லிங்க்' கட்டளையால் அதே கோப்புக்குப் பூட்டின் பெயரை இரண்டாவது பெயராகச் சூட்டு. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் சர்வர் மறுத்துவிடும். இதில் இடைவெளி இல்லை.

ஆனால் வலையில் பதில்கள் தொலையும். சர்வர் பெயரைச் சூட்டிவிட்டது. 'ஆயிற்று' என்ற பதில் வழியிலேயே தொலைந்தது. உங்கள் கணினி மறுபடி கேட்கிறது. 'அந்தப் பெயர் இருக்கிறதே' என்று சர்வர் மறுக்கலாம். பூட்டு உங்கள் கையில் இருக்க, அது யாருடையதோ என்று நீங்கள் காத்துக் கிடப்பீர்கள். ஆகவே மறுப்பு வந்தாலும், உங்கள் தனிக் கோப்புக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள். இரண்டு என்றால் பூட்டு உங்களுடையதுதான். லினக்ஸ் கையேட்டில் 'ஓப்பன்' பக்கத்திலேயே இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது.

பூட்டு கிடைத்தாலும், உங்கள் கணினி தன் நினைவில் வைத்திருக்கும் பழைய நகலைக் காட்டி ஏமாற்றலாம். யூனிக்ஸ் தரும் 'எஃப்கன்டில்' என்ற இன்னொரு பூட்டைப் போட்டால் அந்த நகல் புதுப்பிக்கப்படும். டெபியன் லினக்ஸின் விதியும் அஞ்சல் நிரல்களிடம் இரண்டு பூட்டையும் கேட்கிறது: முதலில் எஃப்கன்டில், அப்புறம் கோப்புப் பூட்டு. ஒரு நிரல் இந்த வரிசையிலும் இன்னொன்று தலைகீழாகவும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும். செத்துப்போன நிரல் விட்டுச்சென்ற பூட்டை நீக்குவதும் ஆபத்தான வேலை. ஐந்து நிமிடம் பழையதா என்று பார்க்கும்போது சர்வரின் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் கணினியின் கடிகாரத்தை அல்ல.

நிரலாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் இந்தத் தொல்லையையே ஒழித்தார். அவருடைய மெயில்டிர் என்ற முறையில் கடிதத்துக்கு ஒரு கோப்பு. 'டெம்ப்' அடைவில் முழுக்க எழுதி முடித்த பிறகே அது 'நியூ' அடைவுக்குப் போகும். நேரம், செயல் எண், கணினிப் பெயர் மூன்றும் கோப்பின் பெயரில் இருப்பதால் மோதலுக்கு இடமில்லை, பூட்டும் தேவையில்லை. என் தீர்ப்பு அவர் பக்கமே. பகிர்வு வட்டில் அஞ்சல் வைத்தே ஆக வேண்டுமென்றால் எம்பாக்ஸ் வேண்டாம்.

அஞ்சலோடு தொடர்பே இல்லாத வேலை செய்பவர்களும் இந்த வாரம் உங்கள் நிரல்களில் அந்த 'இருக்கிறதா பார்' வரியைத் தேடுங்கள். பகிர்வு வட்டில் ஓடுகிறதென்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)