தண்ணீர்க் கட்டணமும் ஒரு தவறான சந்தேகமும்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழும் முதிய தாயார் ஒருவர், 2025 ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, கையில் பயனீட்டுக் கட்டணச் சீட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். கணவரை இழந்தவர். சேமிப்பைக் கொண்டு சிக்கனமாக வாழ்பவர்.

"ஹஜ்ரத், இதைப் பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் எண்பத்தொரு வெள்ளி! போன மாதம் இருபத்தாறுதான் வந்தது."

காரணத்தையும் அவரே முடிவு செய்திருந்தார். வேலைக்காக ஊரிலிருந்து வந்த அவருடைய தங்கை மகன் ஜூலைத் தொடக்கத்தில்தான் அவர் வீட்டில் தங்கத் தொடங்கியிருந்தான். ஒளூ செய்யும்போது குழாயைத் திறந்தே விடுகிறான், குளிக்கப் போனால் அரைமணி நேரம் ஆகிறது என்று கடிந்திருக்கிறார். ரோஷக்காரப் பையன். மறுநாளே பெட்டியுடன் நண்பனின் அறைக்குச் சென்றுவிட்டான்.

சீட்டை மேசைமீது விரித்தேன். நம்மில் பெரும்பாலோர் அதில் அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டுமே பார்க்கிறோம். மின்சாரம், எரிவாயு, குப்பை அகற்றுதல் எல்லாம் அதிலேயே கலந்துவிடுகின்றன. தண்ணீருக்குரிய பகுதியில் மூன்று வரிகள் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்த விகிதப்படி, ஒரு கனமீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, தண்ணீர் விலை 1 வெள்ளி 43 காசு. அதன்மேல் நீர்ச் சேமிப்பு வரி 50 விழுக்காடு, ஏறத்தாழ 72 காசு. இவ்வரி 1991 முதல் இருந்து வருகிறது. மூன்றாவது, கழிவுநீருக்கான கட்டணம் 1 வெள்ளி 9 காசு. ஆக 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரி தனி. மாதம் 40 கனமீட்டரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 4 வெள்ளி 39 காசு.

"கழிவுநீரை அளக்க மீட்டர் ஏதும் இல்லையே, அதற்கு எப்படிக் கணக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டுக்குள் வந்த நீரெல்லாம் வெளியேறியதாகவே கணக்கிடப்படுகிறது. பூந்தொட்டிக்கு ஊற்றிய நீருக்கும் கழிவுநீர்க் கட்டணம் உண்டு. முன்னர் கழிப்பறைப் பீங்கான் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமும் இருந்தது. 2017 இல் அது இதனுடன் இணைக்கப்பட்டது. இந்நகரில் வாளிக் கழிப்பறைகள் முற்றாக ஒழிந்தது 1987 இல்தான். இன்று கழிவுநீரில் கணிசமான பங்கு ஆழ்சுரங்கக் குழாய்கள் வழியே சாங்கி நிலையத்துக்குச் சென்று சுத்திகரிக்கப்படுகிறது; அதில் ஒரு பகுதி மீண்டும் புதுநீராகிறது. அந்த வாளிகளைக் கண்ட தலைமுறையினர் இக்கட்டணத்தைப் பற்றி முணுமுணுப்பதை நான் அதிகம் கேட்டதில்லை.

அவருடைய சீட்டில் 25 கனமீட்டர் என்றிருந்தது. இருவர் வாழும் வீட்டுக்கு இது மிகை. முந்தைய மாதச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் 8 கனமீட்டர். அருகிலேயே அது மதிப்பீடு என்ற குறிப்பு. விஷயம் அங்கேதான் இருந்தது.

பழைய வகை மீட்டர்களை இரு மாதங்களுக்கு ஒருமுறைதான் நேரில் வந்து பார்க்கிறார்கள். இடைப்பட்ட மாதத்துக்கு, கடந்தகால உபயோகத்தை வைத்து ஓர் உத்தேசக் கணக்கு போடப்படுகிறது. ஜூனில் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது அந்தச் சீட்டுக்குத் தெரியாது. ஜூலையில் மீட்டரைப் பார்த்தபோது இரு மாதங்களுக்கும் சேர்த்து 33 கனமீட்டர் ஓடியிருந்தது. ஏற்கெனவே வசூலித்த 8 போக, மீதி 25 முழுவதும் ஜூலையின் தலையில் விழுந்தது. ஜூனில் அந்தப் பையன் இந்நாட்டிலேயே இல்லை!

"அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று?"

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி, கழிப்பறைத் தொட்டியில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கத் தொடங்கியதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். அவருடைய வீட்டுக்குச் சென்றோம். குழாய்களையெல்லாம் மூடிவிட்டு வாசலருகே இருந்த மீட்டரைப் பார்த்தேன். அதன் சிறு சக்கரம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து சிறிது கேசரிப் பவுடரை எடுத்துத் தொட்டி நீரில் கரைத்தோம். அரைமணி நேரம் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பிறகு பார்த்தால் பீங்கானின் உட்புறம் செம்மஞ்சளாக இருந்தது. தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்து, இரவும் பகலும் நீர் கசிந்திருக்கிறது. நாளொன்றுக்கு 200 லிட்டர் கசிந்தால் மாதத்துக்கு 6 கனமீட்டர். சத்தமில்லாமல் நேராகச் சாக்கடைக்குச் சென்ற அந்த நீருக்கு விலை, வரி, கழிவுநீர்க் கட்டணம் மூன்றும் விழுந்திருக்கின்றன.

மதிப்பீட்டு மாதத்தில் மீட்டர் எண்ணை நாமே பார்த்துத் தெரிவிக்கலாம் என்பதையும் அவருக்குச் சொன்னேன். அவர் கவனம் அதில் இல்லை.

"நான் அவனை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன், ஹஜ்ரத்" என்றார்.

மஃரிபுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். முதல் முறை அவன் எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தான். பெரியம்மாவின் குரல் தழுதழுத்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பெட்டியுடன் திரும்பி வந்தவன், கையோடு ஒரு புது ரப்பர் மூடியும் வாங்கி வந்திருந்தான்.