ஏழும் இருபதும்

ஒல்லாந்து மொழியில் எண்ணக் கற்பவர்களுக்கு, புல்மோட்டையிலிருந்து ஒரு வழி

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு நெதர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. என் ராத்தாவின் மகள் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பத்து மாதம். மாப்பிள்ளை அங்கே, இவள் புல்மோட்டையில். புதிதாகக் குடிபோன வீட்டின் இலக்கத்தை அவர் ஒல்லாந்து மொழியிலேயே சொன்னார்: “ஃபைஃப்-என்-தஃதஃ.” காதில் விழுந்த வரிசையில் அவள் எழுதினாள். முதலில் 5, பிறகு 8. அவர் சொன்னதோ எண்பத்தைந்து.

“தனித்தனியா எல்லாம் பாடம் மாமா. ரெண்டையும் சேத்துச் சொன்னாத்தான் தலைகீழாப் போகுது” என்றாள், கொப்பியை மூடிக்கொண்டு.

அவளுக்கு இது பொழுதுபோக்குப் படிப்பு அல்ல. நெதர்லாந்தில் வாழும் கணவனோடோ மனைவியோடோ போய்ச் சேர விரும்பும் இலங்கையர், 2006 முதல், புறப்படுமுன்பே ஓர் அடிப்படைப் பரீட்சையில் தேற வேண்டும். பேசுதல், வாசித்தல், அந்நாட்டுச் சமூகத்தைப் பற்றிய அறிவு என்று மூன்று பகுதிகள். தூதரகத்தில் கணினியின் முன் உட்கார்ந்து எழுதும் பரீட்சை. பிறந்த திகதி, பஸ் இலக்கம், கடை விலை, மருத்துவரிடம் போகும் நேரம் என்று, போய் இறங்கிய நாளிலிருந்து எண் இல்லாமல் ஒரு காரியமும் நடவாது. அதனால் எண்ணிக்கையில் தடுமாறுகிறவர்களுக்கு உதவுவது, ஒரு குடும்பம் ஒன்றுசேர உதவுவதாகவே எனக்குப் படுகிறது.

பன்னிரண்டு வரை

முதல் பத்து எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஏன், த்வே, த்ரீ, ஃபீர், ஃபைஃப், ஸெஸ், ஸேவன், அஃத், நேகன், தீன்.

எட்டும் ஒன்பதும்தான் பலரையும் மிரட்டுகின்றன. அவற்றில் தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருக்கிறது. தமிழருக்கு அது அந்நியமல்ல. ‘அஃது’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ஆய்தத்தை இன்னும் சற்று அழுத்தினால் எட்டு வந்துவிடும். ‘மகன்’ என்பதில் க எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறதோ, அதே மென்மையோடு ‘நேகன்’ என்றால் ஒன்பது. குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கு ‘ஃகா’ என்ற அரபு எழுத்து ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர்தான் இந்த ஒலியில் இடறி விழுகிறார்.

பதினொன்று எல்ஃப், பன்னிரண்டு த்வால்ஃப். இவ்விரண்டையும் அப்படியே பாடமாக்க வேண்டும். பதின்மூன்றிலிருந்து எண்ணோடு ‘தீன்’ சேர்கிறது: டெர்தீன், ஃபேர்தீன், ஃபைஃப்தீன், ஸெஸ்தீன், ஸேவன்தீன், அஃதீன், நேகன்தீன். த்ரீ என்பது ஏன் டெர் ஆனது, ஃபீர் ஏன் ஃபேர் ஆனது என்று மருமகள் கேட்டாள். எட்டு எண்பதில் எண் ஆகவில்லையா, நான்கு நாற்பதில் நாற் ஆகவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். எண்கள் நாளெல்லாம் வாயில் புழங்குபவை. எந்த மொழியிலும் அவை தேய்ந்து உருமாறித்தான் இருக்கும்.

பத்துகளின் வரிசை: த்வின்தஃ, டெர்தஃ, ஃபேர்தஃ, ஃபைஃப்தஃ, ஸெஸ்தஃ, ஸேவன்தஃ, தஃதஃ, நேகன்தஃ. எண்பதுக்கு மட்டும் முன்னால் ஒரு ‘த’ ஒட்டிக்கொள்கிறது. நம் தொண்ணூற்றைப் படித்தவர்கள் இதற்குத் திகைக்க வேண்டியதில்லை.

மத்ரஸாவில் கிடைத்த வழி

இருபத்தொன்றிலிருந்துதான் உண்மையான சோதனை. தமிழில் இருபது முன்னே, ஒன்று பின்னே. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அப்படியே. ஒல்லாந்து மொழியிலோ ஒன்று முன்னே வந்து, ‘உம்’ என்னும் பொருளுடைய ‘என்’ நடுவில் நின்று, இருபது கடைசியில் வருகிறது: ஏன்-என்-த்வின்தஃ. ஒன்றும் இருபதும். ‘ஏன்’ என்ற நெடில் ஒன்றைக் குறிக்கும், ‘என்’ என்ற குறில் இணைக்கும். குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்கப் பழகிய தமிழ்க் காது இதில் ஏமாறாது.

மருமகள் “ஸேவன்-என்-த்வின்தஃ, ஏழும் இருபதும்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய தம்பி குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறவன்.

“ராத்தா, இது எங்கட ஹஸரத் சொல்லித் தந்த மாதிரியே இரிக்கே! ஸப்அதுன் வ இஷ்ரூன். ஏழும் இருபதும்!”

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். பிள்ளை சொன்னது முழுச் சரி. ரமழானின் இருபத்தேழாம் கிழமையை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. அந்த இருபத்தேழை அரபு மொழி ஏழிலிருந்துதான் தொடங்குகிறது. நூறு சேர்ந்தாலும் ஒற்றுமை குலைவதில்லை. நூற்றிருபத்தேழு என்றால் இரு மொழியிலும் முதலில் நூறு, பிறகு ஏழு, கடைசியில் இருபது.

இன்னொன்றும் உண்டு. அரபு எழுதும் கை வலமிருந்து இடமாகப் போகும். ஒல்லாந்து எண்ணைக் கேட்டு எழுதவும் அந்தப் பழக்கமே உதவுகிறது. இரண்டு கட்டங்கள் வரையுங்கள். முதலில் கேட்ட எண்ணை வலக் கட்டத்தில் போடுங்கள், பிறகு வருவதை இடக் கட்டத்தில். ஃபைஃப் வலப்பக்கம், தஃதஃ இடப்பக்கம். எண்பத்தைந்து தானாக வந்து நிற்கும்.

அரை மூன்று மணி

எண்களைத் தாண்டியவர்களைக் கடிகாரம் மடக்கும். ‘ஹல்ஃப் த்ரீ’ என்றால் சொல்லுக்குச் சொல் அரை மூன்று. மூன்றரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் பிந்திவிடுவீர்கள். அது இரண்டரை மணி, மூன்றை நோக்கிப் பாதி வழி. 2.25 மணிக்கு ‘அரை மூன்றுக்கு ஐந்து முன்’ என்பார்கள்.

காசிலும் கவனம் வேண்டும். நாம் 1,250.50 என்று எழுதுவதை அவர்கள் 1.250,50 என்று எழுதுவார்கள். புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி சதத்தைப் பிரிக்கும். இலட்சம், கோடி என்ற சொற்கள் அங்கே கிடையாது. இலட்சம் என்பது நூறு ஆயிரம், கோடி என்பது பத்து மில்லியன்.

ஊரில் இருப்பதைக் கொண்டு

பாடப் புத்தகத்து ஆப்பிள்களை எண்ணுவதை விட, எங்கள் ஊரையே எண்ணிப் பழகலாம் என்று முடிவு செய்தோம். திருகோணமலை இங்கிருந்து ஏறக்குறைய 55 கிலோமீற்றர்: ஃபைஃப்-என்-ஃபைஃப்தஃ. அங்கிருந்த போர்த்துக்கீசர் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்த 1639: ஸெஸ்தீன், நேகன்-என்-டெர்தஃ. கண்டி அரசனோடு உடன்படிக்கை செய்து கரையோரம் முழுவதையும் தமதாக்கிய 1766: ஸேவன்தீன், ஸெஸ்-என்-ஸெஸ்தஃ. ஆங்கிலேயரிடம் திருகோணமலையை இழந்த 1795: ஸேவன்தீன், ஃபைஃப்-என்-நேகன்தஃ. ஆண்டை இப்படி இரண்டாக முறித்துச் சொல்வதுதான் அவர்கள் வழக்கம்.

புல்மோட்டையின் கறுப்பு மணலும் பாடமானது. இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் என்று இங்கே பிரித்தெடுக்கும் கனிமங்களில் தைத்தானியமும் சேர்க்கோனியமும் அடங்கியுள்ளன. தைத்தானியத்தின் அணுவெண் 22: த்வே-என்-த்வின்தஃ. சேர்க்கோனியம் 40: ஃபேர்தஃ. இவ்விரு உலோகங்களையும் மிகத் தூய்மையாகப் பெறும் முறையை 1925இல் கண்டவர்கள் வான் ஆர்கெல், டி பூர் என்ற ஒல்லாந்து வேதியியலாளர்கள். அதைக் கேட்டதும், போகப்போகும் நாட்டுக்கும் தன் கடற்கரைக்கும் இடையில் ஒரு பாதை தெரிந்ததுபோல மருமகளின் முகம் மலர்ந்தது.

பேச்சிலும் பாதை உண்டு. கந்தோர், லாச்சி, கக்கூசு என்று நாம் நாள்தோறும் சொல்பவை ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். துட்டு என்பதும் அவர்களுடைய செப்புக் காசின் பெயரே. அவர்கள் நாட்டில் எட்டுத் துட்டு ஒரு ஸ்டைவர், இருபது ஸ்டைவர் ஒரு கில்டர். ‘கையில் துட்டில்லை’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அதை எண்ணிய மொழி எட்டாத தூரத்தில் இல்லை.

கற்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். நாளுக்குப் பத்து எண், அவ்வளவே. வீட்டில் உள்ளவர்களின் வயது, பஸ் கட்டணம், மீன் விலை என்று கண்ணில் படும் எண்ணையெல்லாம் சத்தமாகச் சொல்லுங்கள். யாராவது சொல்லச் சொல்லக் கேட்டு எழுதுங்கள்.

போன வெள்ளிக்கிழமை மீண்டும் அழைப்பு வந்தது. ஒரு தொலைபேசி இலக்கத்தை அவர் இரண்டிரண்டாகச் சொன்னார். மருமகள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பேனை முதலில் வலக் கட்டத்துக்குப் போனது, பிறகு இடப்பக்கம் வந்தது. முழுவதையும் அவள் திருப்பி வாசித்தபோது, தம்பி விரல்விட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.