சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் சரியாக இருக்கிறதா? பைபாஸ் வால்வைச் சரிசெய்து பராமரிக்கும் முறைகள்

சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் முன்பக்கப் பயிர் செழிப்பாக நிற்க, கடைசி வரிசைகள் வாடி நிற்பதைப் பார்க்கலாம். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் விடுவோம். ஆனால், பல தோட்டங்களில் கோளாறு உரத்தில் இல்லை. குழாயின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. சொட்டுநீரில் உரமும் தண்ணீரோடு சேர்ந்துதான் போகிறது. தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் செடிக்கு உரமும் குறைவாகவே கிடைக்கும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவிகிதமும் மானியத்தில் சொட்டுநீர் அமைத்துத் தரப்படுகிறது. அமைத்த அன்று ஃபிட்டர் திருகி வைத்த வால்வை அதன்பிறகு பலரும் தொடுவதில்லை. ஆனால், கிணற்று நீர்மட்டமும் மின்சார வோல்டேஜும் மாறும்போது குழாயின் அழுத்தமும் மாறிவிடும்.

எவ்வளவு அழுத்தம் தேவை?

சாதாரண டிரிப்பர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தில் சரியான அளவு தண்ணீர் விடும்படி தயாரிக்கப்படுகின்றன. மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர், அழுத்தம் அரை கிலோவாகக் குறைந்தால் சுமார் 2.8 லிட்டர்தான் விடும். 2 கிலோவாக உயர்ந்தால் சுமார் 5.6 லிட்டர் விடும். கூடவே பக்கவாட்டுக் குழாய் இணைப்புகளும் பிடுங்கிக்கொள்ளும். நிலம் மேடாக இருந்தால், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கிலோ அழுத்தம் குறையும்.

பைபாஸ் வால்வைச் சரிசெய்வது எப்படி?

பைபாஸ் வால்வு ஃபில்டருக்கு முன்னால், மெயின் குழாயிலிருந்து பிரியும் கிளையில் இருக்கும். மோட்டார் தள்ளும் தண்ணீரில் தேவைக்கு அதிகமானதைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ இது திருப்பி அனுப்பும். திறந்தால் வயலுக்குப் போகும் அழுத்தம் குறையும்; மூடினால் கூடும்.

1. மோட்டார் நிற்கும்போது அழுத்தமானியைப் பாருங்கள். முள் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை மாற்றிவிடுங்கள்.

2. முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அதன்பிறகே வால்வைத் தொட வேண்டும்.

3. பைபாஸ் வால்வை முழுவதும் திறந்துவைத்து, பாய வேண்டிய பாத்தியின் வால்வையும் திறந்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.

4. குழாயில் உள்ள காற்று வெளியேறும்வரை பொறுத்திருங்கள். பிறகு, பைபாஸ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். சப்மெயினில் 1 கிலோ அழுத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

5. அந்த நேரத்தில் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்வின் கைப்பிடி நிற்கும் இடத்திலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள்.

ஒரு ஏக்கர் பாத்திக்கும் அரை ஏக்கர் பாத்திக்கும் கைப்பிடி ஒரே இடத்தில் நிற்காது. ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாகக் கோடு போட்டுவிட்டால், தண்ணீர் கட்டப் போகும் யாரும் சரியாகத் திருப்பிவைக்கலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும், மழைக்குப் பிறகு ஏறும்போதும் இந்த அளவுகளை மறுபடி பார்த்துத் திருத்த வேண்டும்.

சில அமைப்புகளில் ஸ்பிரிங் வைத்த பிரஷர் ரிலீஃப் வால்வும் இருக்கும். அதில் பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டுத் திருகை அரைச் சுற்று மட்டும் திருப்பி, முள்ளைக் கவனியுங்கள். வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும். சரியான அளவு வந்ததும் நட்டை மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

பாத்தி மாற்றும்போது கவனம்

அடுத்த பாத்தியின் வால்வைத் திறந்த பிறகே, ஓடிக்கொண்டிருக்கும் பாத்தியை மூட வேண்டும். முதலில் மூடிவிட்டால் போக வழியில்லாத தண்ணீரின் அழுத்தம் சட்டென்று ஏறி, குழாயை வெடிக்கவைக்கலாம்.

டம்ளர் சோதனை

சப்மெயினுக்கு அருகில், நடுவில், கடைசியில் என மூன்று டிரிப்பர்களின் கீழே டம்ளர் வைத்து 6 நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 400 மில்லி நிறைய வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் கவலை இல்லை. மூன்றிலுமே குறைந்தால் ஃபில்டரையும் பைபாஸ் வால்வையும் பாருங்கள். கடைசியில் மட்டும் குறைந்தால் குழாயில் அடைப்போ கசிவோ இருக்கும். அருகருகே உள்ள டிரிப்பர்களில் ஒன்று மட்டும் குறைந்தால் அந்த டிரிப்பர்தான் அடைத்திருக்கிறது.

கோளாறும் தீர்வும்

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால்: ஃபில்டர் அடைத்துவிட்டது. வலை ஃபில்டரைக் கழற்றி நைலான் பிரஷ்ஷால் கழுவுங்கள். மணல் ஃபில்டரில் தண்ணீரைத் தலைகீழாக விட்டு, தெளிந்து வரும்வரை கழுவுங்கள். இதைச் செய்யாமல் பைபாஸ் வால்வை மூடி அழுத்தத்தைக் கூட்டினால் வலை கிழிந்து, குப்பை டிரிப்பர்களுக்குப் போய்விடும்.

பைபாஸ் வால்வை முழுவதும் மூடியும் அழுத்தம் ஏறாவிட்டால்: கிளைக் குழாயின் முனையைப் பாருங்கள். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தால் வால்வின் உள்பகுதி தேய்ந்திருக்கும் அல்லது கல், மண் சிக்கியிருக்கும். வடியவில்லை என்றால் குழாய் உடைப்பு, எலி கடித்த பக்கவாட்டுக் குழாய், குறைந்த வோல்டேஜ், நீர்மட்டம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முள் ஆடிக்கொண்டே இருந்தால்: தண்ணீரோடு காற்று வருகிறது. கிணற்று நீர்மட்டம், மோட்டாரின் உறிஞ்சு குழாய் இணைப்பு, ஏர் வால்வு மூன்றையும் சரிபாருங்கள்.

ஏர் வால்வில் தண்ணீர் ஒழுகினால்: கழற்றி, உள்ளே உள்ள பந்தையும் ரப்பர் வளையத்தையும் கழுவுங்கள். கிழிந்திருந்தால் வளையத்தை மாற்றுங்கள். ஒழுகுகிறது என்று ஏர் வால்வை அடைத்துவிடக் கூடாது. மோட்டார் நிற்கும்போது அது காற்றை உள்ளே விடாவிட்டால், டிரிப்பர்கள் சேற்றை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும்.

பராமரிப்பு

எல்லா வால்வுகளையும் மாதம் ஒருமுறையாவது முழுவதும் திறந்து மூடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் அசைக்காத வால்வு இறுகிவிடும். இறுகிய பிளாஸ்டிக் வால்வை ஸ்பேனர் போட்டுத் திருகினால் கைப்பிடி உடைந்துவிடும். சப்மெயின் கடைசியில் உள்ள ஃபிளஷ் வால்வையும், பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடிகளையும் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அவ்வப்போது ஓடவிடுங்கள்.

எந்த வால்வையும், ஃபில்டர் மூடியையும் கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தி, முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அழுத்தம் இருக்கும்போது திறந்தால் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும்.

சரிசெய்ய முடியாத பழுது என்றால், சொட்டுநீர் அமைத்துக் கொடுத்த நிறுவனத்தையோ, உங்கள் வட்டார தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தையோ அணுகலாம்.