180 கிலோமீட்டருக்குப் பதினாறு நாள்களா?

கார்சிகா என்னும் பெயரைக் கேட்டவுடன் வாசகர்களுக்கு நெப்போலியனின் நினைவே முதலில் வரும். 1769ஆம் ஆண்டு அத்தீவின் அஜாக்சியோ நகரில் அவர் பிறந்தார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதற்கு மேல் அத்தீவைப் பற்றி நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. மத்தியதரைக் கடலில், இத்தாலிக்கு மேற்கே, பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருக்கும் அத்தீவு உண்மையில் கடலினின்றும் எழுந்து நிற்கும் ஒரு மலைத்தொடரேயாகும். அதன் மிக உயர்ந்த சிகரமான மோன்டே சிந்தோவின் உயரம் 2,706 மீட்டர். நம் தென்னிந்தியாவின் உச்சியாகிய ஆனைமுடியைவிட அது 11 மீட்டரே கூடுதல். ஆயினும் ஆனைமுடியின் தலையில் பசும்புல் விரிந்திருக்க, சிந்தோவின் தலையில் வெறும் பாறையே உண்டு. ஜூன் மாதத்திலும் அதன் நிழல்மடிப்புகளில் உறைபனி கிடக்கும்.

இம்மலைத்தொடரின் முதுகெலும்பைப் பற்றிக்கொண்டு, வடமேற்கிலுள்ள கலன்சானா என்னும் ஊரிலிருந்து தென்கிழக்கிலுள்ள கொங்கா என்னும் ஊர் வரை ஒரு நடைபாதை செல்கிறது. ‘ஜி.ஆர். 20’ என்பது அதன் பெயர். ‘ஜி.ஆர்.’ என்னும் எழுத்துகள் பிரெஞ்சு மொழியில் நெடுந்தூர நடைபாதையைக் குறிப்பவை. 20 என்பதோ, கார்சிகா முழுவதும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் அதற்கு அளிக்கப்பட்டிருந்த எண். 1976இல் தீவு இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்த பின்னரும் பாதையின் எண் மட்டும் மாறவில்லை. ஆடு மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாய்க் கோடையில் மேலேறவும் குளிரில் கீழிறங்கவும் பயன்படுத்திய தடங்களையும், மலையேறிகள் கண்டறிந்த கணவாய்களையும் இணைத்து 1970களின் தொடக்கத்தில் இப்பாதை உருவாயிற்று. மிஷேல் ஃபாப்ரிகான் என்னும் மலையேறியின் பங்கு இதில் முதன்மையானது. 1972இல் அமைந்த கார்சிகா வட்டார இயற்கைப் பூங்கா, பாதையையும் அதன் வழியிலுள்ள தங்குகுடில்கள் பலவற்றையும் பேணி வருகிறது.

இதை ஏன் நம் பக்கங்களில் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்று பிரான்சிலேயே வேரூன்றிவிட்ட முஸ்லிம் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் தோளில் பை சுமந்து மலைக்குப் போவது புதிதன்று. “வாப்பா, கார்சிகாவுக்கு நடக்கப் போகிறோம். மொத்தமே 180 கிலோமீட்டர்தான், இரவில் தங்கக் குடில் இருக்கிறது” என்று ஒரு மகன் தொலைபேசியில் சொன்னால், இங்கிருக்கும் தந்தை என்ன எண்ணுவார்? மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு இருக்கும் தூரத்தைவிடக் குறைவாயிற்றே. பேருந்தில் சென்றால் அரைநாள் வேலை என்றெண்ணி ‘போய் வா’ என்பார். அந்த விடையை அளிக்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

கிலோமீட்டர் சொல்லாத செய்தி

வழக்கமாக இப்பாதையை 16 கட்டங்களாகப் பகுத்து, ஒரு கட்டத்திற்கு ஒரு நாள் என நடக்கின்றனர். 16 நாளும் சேர்த்து ஏற வேண்டிய உயரம் மட்டும் ஏறத்தாழ 12,000 மீட்டர். எவரெஸ்ட் சிகரம் கடல் மட்டத்திலிருந்து 8,849 மீட்டர் என்பதை வைத்து இதனை அளந்து பாருங்கள். ஏறியது போலவே இறங்கவும் வேண்டும். மலையில் நடந்து பழகியவர்களைக் கேட்டால் முழங்காலைக் கெடுப்பது இறக்கமே என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு. பாதையின் வடபகுதியில் கரோட்ஸு என்னும் குடிலிலிருந்து ஆஸ்கோ என்னும் இடத்திற்குச் செல்லும் கட்டத்தின் நீளம் 6 கிலோமீட்டர் அளவே. நம்மூரில் ஒருவர் ஃபஜ்ரு தொழுதுவிட்டு நடைப்பயிற்சிக்குச் சென்று திரும்பும் தூரம் அது. அங்கே அதற்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகிறது. குடிலை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் ஸ்பாசிமாத்தா ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம் வருகிறது. அதைக் கடந்தால் சாய்ந்து கிடக்கும் வழவழப்பான பெரும்பாறைகள். அவற்றின் மேல் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மழை பெய்தால் அப்பாறைகள் சோப்பு பூசினாற்போல் ஆகிவிடும். பின்னர் சுமார் 2,000 மீட்டர் உயரம் வரை ஏறி, மறுபக்கம் சரளைக்கல் சரிவில் இறங்க வேண்டும். புறப்பட்ட குடிலுக்கும் போய்ச் சேரும் இடத்திற்கும் உயர வேறுபாடு 150 மீட்டர்தான். வரைபடத்தைக் காகிதத்தில் மட்டும் பார்க்கிறவர் இதனைச் சமதளப் பயணம் என்றே நினைத்துவிடக் கூடும்.

ஆதலின் மகனிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்பதாக இருத்தலாகாது. ‘பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு, நாள்தோறும் ஏழு மணி நேரம், பாறையில் கையையும் ஊன்றி ஏறி இறங்கி, மறுநாளும் அதையே செய்து பழகியிருக்கிறாயா?’ என்பதே கேள்வி. ஒரு நாள் நடப்பதற்கு உடல்வலு போதும். மூன்றாம் நாள் காலையில் கொப்புளமிட்ட கால்களைக் காலணிக்குள் நுழைப்பதற்குப் பழக்கம் வேண்டும். வேறு மலைகளில் நான்கைந்து நாள் தொடர்ந்து நடந்திராதவர்கள் இப்பாதையில் தொடங்குவது தகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

2015 ஜூன் 10

இப்பாதையில் ‘தனிமை வளையம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட ஓரிடம் உண்டு. செங்குத்தான பாறைகள் சூழ்ந்த ஆழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளம் அது. ஏறக்குறைய 200 மீட்டர் சங்கிலி பிடித்து இறங்கி, மறுபக்கம் ஏணியும் சங்கிலியுமாக அதே அளவு ஏற வேண்டும். பல்லாண்டுகளாக இப்பாதையின் புகழுக்கு இவ்விடமே காரணமாக இருந்தது. அதைக் கடந்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே பலர் வந்தனர்.

2015ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கடும் இடிமழையின்போது அப்பள்ளத்தில் மண்ணும் பாறையும் சரிந்தன. அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தவர்களுள் ஏழு பேர் மாண்டனர். பாறைச் சுவர்களுக்கிடையே சிக்கியவர்களுக்கு ஒதுங்குவதற்கு இடமேது? பாதை உடனே மூடப்பட்டது. அதன்பின் அப்பள்ளத்தை விலக்கி, சிந்தோ சிகரத்தின் அருகே சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு முகட்டின் வழியாகப் பாதை திருப்பிவிடப்பட்டது. புதிய வழி எளிதானது என்று எண்ண வேண்டா. ஆஸ்கோவிலிருந்து 1,400 மீட்டர் அளவில் தொடங்கி ஒரே மூச்சில் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம்! முழுப் பாதையிலும் மிக உயர்ந்த இடம் இப்போது இதுவே. உடல் உழைப்பு கூடியது. ஆயினும் மழை பிடித்துக்கொண்டால் பொறிக்குள் அகப்பட்ட நிலை இல்லை. புகழ்பெற்ற ஓரிடத்தை உயிரிழப்புக்குப் பின் துணிந்து கைவிட்ட அம்முடிவைப் பாராட்டவே வேண்டும்.

அங்கே கோடைக்கால இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலையில் வெயில் பளீரென அடிக்கும். நண்பகலுக்குப் பின் முகடுகளின்மேல் மேகம் திரளும். அஸருக்கு முன்பே இடி தொடங்கிவிடும். மொட்டைப் பாறை முகட்டில் நிற்பவரே அப்போது மின்னலுக்கு மிக உயர்ந்த பொருள். ஆகவே தேர்ந்த நடையர் விடியலுக்கு முன்பே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பி, நண்பகலுக்குள் அடுத்த குடிலை எட்டிவிடுகின்றனர். ஃபஜ்ருக்கு எழுந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இவ்வொரு செய்தியில் மட்டும் சிரமமிராது! ஆனால் எல்லாப் புயலும் நேரம் பார்த்து வருவதில்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று காலையிலேயே கார்சிகாவைத் தாக்கிய புயல், மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசி, தீவில் ஐந்து உயிர்களைக் கொண்டு சென்றது.

குடிலும் அதன் வாழ்க்கையும்

மலைக்குடிலைப் பிரெஞ்சு மொழியில் ‘ரெஃப்யூஜ்’ என்பர். புகலிடம் என்று பொருள். விடுதி என்று மயங்க வேண்டா. கல்லாலோ மரத்தாலோ ஆன சிறு கட்டடம். உள்ளே பலகைத் தளத்தில் மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும். ஒரு காப்பாளர் இருப்பார். வெளியே வாடகைக் கூடாரங்களும், சொந்தக் கூடாரம் அடிப்பதற்கு இடமும் உண்டு. குடிலைச் சுற்றியன்றி வழியில் வேறெங்கும் இரவில் கூடாரம் அடிக்கக் கூடாது. தீ மூட்டவும் கூடாது. கோடையில் காய்ந்து கிடக்கும் அக்காடுகளில் ஒரு பொறி போதும். முன்பதிவு செய்யாமல் சென்றால் இடம் கிடைப்பது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரையே நடைக்கு உகந்த காலம். அப்போதும் ஜூன் தொடக்கத்தில் வடபகுதிக் கணவாய்களில் உறைபனி எஞ்சியிருக்கும்.

மெத்தைகளில் மூட்டைப்பூச்சித் தொல்லை உண்டென்பது பரவலாகப் பேசப்படும் செய்தி. அன்றியும் பலகைத் தளத்தில் ஆண், பெண் என்ற பிரிவினை கிடையாது. இவ்விரு காரணங்களாலும் நம் குடும்பத்தினர் செல்வதாயின் கூடாரத்தைப் பதிவு செய்வதே நலம்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்சிகா மக்கள் பன்றியைக் காட்டில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்கள். அவ்விறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தி உண்பது அவர்களது பெருமைக்குரிய மரபு. குடில்களில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவே. பருப்புக் குழம்பு என்று நம்பி வாங்கினால் அதிலும் ஒரு துண்டு மிதக்கலாம். காப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டால் வெறும் தக்காளிச் சாறிட்ட பாஸ்தா, ரொட்டி, முட்டை என்று ஏதேனும் கிடைக்கக்கூடும். ஆட்டுப்பாலின் தெளிநீரிலிருந்து எடுக்கும் ‘புரோச்சு’ என்னும் மென்மையான பால்கட்டி அத்தீவின் தனிச்சிறப்பு. எனினும் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் ஏறுகிறவனுக்கு அரைவயிறு ஆகாது. பேரீச்சம்பழம், பாதாம், வறுத்த மாவு, உலர்ந்த நூடுல்ஸ் என்று பாதி உணவையேனும் கையோடு கொண்டு செல்லட்டும். பேரீச்சம்பழத்தைப் போல எடை குறைந்து வலு மிகுந்த வழியுணவு வேறில்லை என்பதை நாம் ஐரோப்பியருக்குச் சொல்லித் தரலாம். தண்ணீர் குடில்களில் கிடைக்கும், முகடுகளில் கிடைக்காது. இரண்டு அல்லது மூன்று லிட்டர் சுமப்பது கட்டாயம்.

கிப்லா அங்கிருந்து தென்கிழக்கே. கஸ்ரு தொழுகை பற்றியும், குடிப்பதற்கு மட்டுமே தண்ணீர் இருக்கையில் தயம்மும் செய்வது பற்றியும் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டறிந்துகொண்டு கிளம்பினால் மலைமேல் குழப்பமிராது.

இறங்கிவிடும் வழிகள்

பாதையெங்கும் பாறைகளிலும் மரங்களிலும் வெள்ளை மேலும் சிவப்பு கீழுமாக இரு பட்டைகள் தீட்டியிருப்பர். அதுவே வழிகாட்டி. அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் அவ்வழி தவறானது. பத்து நிமிடம் நடந்தும் பட்டை தென்படவில்லையாயின், கடைசியாகப் பட்டை கண்ட இடத்திற்குத் திரும்ப வேண்டும். மூடுபனியில் ‘முன்னே எங்காவது இருக்கும்’ என்று போவோரே வழி தவறுகின்றனர். பள்ளத்தாக்குகள் பலவற்றில் கைப்பேசி எட்டுவதில்லை. எட்டும் இடத்தில் 112 என்னும் எண்ணை அழைத்தால் மீட்புப் படையினர் ஹெலிகாப்டரில் வருவர்; வானிலை இடங்கொடுத்தால் மட்டுமே.

மகனிடம் கேட்க வேண்டிய இரண்டாம் கேள்வி இதுதான்: ‘எங்கெங்கே இறங்கிவிடலாம் என்று குறித்து வைத்திருக்கிறாயா?’ ஆஸ்கோவுக்கு வண்டிப்பாதை உண்டு. வெர்ஜியோ கணவாயில் தார்ச்சாலை குறுக்கிடுகிறது. ஏறக்குறைய நடுவழியிலுள்ள விட்ஸவோனாவில் இரயில் நிலையமே இருக்கிறது. அஜாக்சியோவுக்கும் பஸ்தியாவுக்கும் அங்கிருந்து இரயில் செல்லும். கடினமான வடபகுதி முடிந்தவுடன் பலர் அங்கே இரயிலேறிவிடுகின்றனர். இது தோல்வியென்று எவரும் நினைப்பதில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே ‘பாதியில் வந்தாலும் மகிழ்ச்சிதான்’ என்று பெற்றோர் சொல்லி அனுப்பினால், இடி முழங்கும் ஒரு பிற்பகலில் அச்சொல் அவனுக்குப் பயன்படும்.

வேகத்தையே பெரிதாகக் கருதுவோரும் உளர். 2021இல் லம்பேர் சந்தெல்லி என்பவர் முழுப் பாதையையும் 30 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார். மறுஆண்டு ஆன்லீஸ் ரூசே என்னும் பெண்மணி 35 மணி 50 நிமிடத்தில் முடித்தார். வியக்கத்தக்க உடல்வலிமை! ஆயினும் நினு ஏரிக்கரையில், பஞ்சு போன்ற புல்தரையின் நடுவே கண்ணாடித் துண்டுகளாய்த் தேங்கிக் கிடக்கும் நீர்க்குழிகளையும், அவற்றைச் சுற்றி மேயும் குதிரைகளையும் ஓடுகிறவர் எங்ஙனம் பார்ப்பார்? உயர்ந்த லாரிசியோ ஊசியிலை மரங்களையும், பாறை முகட்டில் அசையாது நிற்கும் காட்டுச் செம்மறிக் கடாவையும் காண்பதற்குப் பதினாறு நாளும் வேண்டும்.

விட்ஸவோனாவுக்குத் தெற்கே மலை சற்றுத் தணிகிறது. 2,134 மீட்டர் உயரமுள்ள இன்குதினே சிகரத்தைத் தாண்டினால், பவெல்லாவின் செந்நிறப் பாறை ஊசிகள் வானில் குத்திட்டு நிற்பது தெரியும். கடைசி நாளன்று வெயில் கடுமையாக இருக்கும். கடல் அருகே வந்துவிட்டதை உடல் உணரும். கொங்காவுக்குச் சற்று முன்னே பாறைச் சுவரில் ஒரு குறுகிய வாசல் போன்ற பிளவு. அதில் நுழைந்ததும் கீழே ஊரின் ஓட்டுக்கூரைகள் தென்படும். அங்கிருந்து ஒரு மணி நேரத்திற்குள் ஊருக்குள் இறங்கிவிடலாம். கடற்கரைச் சாலைக்குச் செல்ல அங்கே வண்டி கிடைக்கும்.