நடுக்கடலில் ஒரு ‘ஹலோ’!

1968-ல் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ஒரு விபரீதமான போட்டியை அறிவித்தது. பாய்மரப் படகில், தன்னந்தனியாக, எங்கேயும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது ஆசாமிகள் கிளம்பினார்கள். பந்தயத்தை முடித்தவர் ஒரே ஒருத்தர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள் ஆயிற்று. அவருடைய ‘சுஹைலி’ படகு நம்ம பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது என்பதில் நமக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தப் பந்தயத்தில் காற்றையும் அலையையும் விட ஸ்வாரஸ்யமான சமாசாரம் ரேடியோதான். நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ரேடியோ வழியில் மக்கர் செய்துவிட்டது. மாதக்கணக்கில் தகவலே இல்லை. ‘ஆள் அவ்வளவுதான்’ என்று பலர் முடிவு கட்டிய நேரத்தில், 1969 ஏப்ரலில் அஸோர்ஸ் தீவுகள் பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பலைப் பார்த்து விளக்கைச் சிமிட்டி, ‘இருக்கேன்பா’ என்று சொன்னார். பெர்னார் ம்வாதெஸியே என்ற பிரெஞ்சுக்காரர், செய்தி அனுப்பும் ரேடியோவே வேண்டாம் என்றவர். கடிதத்தை ஃபிலிம் டப்பாவில் போட்டு, உண்டிவில்லால் போகிற வருகிற கப்பல்களின் மேல்தளத்துக்கு அடித்தார்! மூன்றாவது ஆள் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். இவருடைய ரேடியோ நன்றாகவே வேலை செய்தது. அதை வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கிலேயே சுற்றிச் சுற்றி வந்து, உலகத்தைச் சுற்றுவதாகப் பொய்த் தந்தி கொடுத்துக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் அவர் படகு மட்டும் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் பெண்டாட்டி பிள்ளைகளோடு சின்னப் பாய்மரப் படகில் சமுத்திரம் தாண்டுகிறவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் துறைமுகத்தில் உட்கார்ந்து அவர்கள் விடிய விடியச் சண்டை போடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஹாம் ரேடியோவா, மரைன் ரேடியோவா?

‘மாம்பலத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போய்ச் சேருவதே எனக்கு சமுத்திரம் தாண்டுகிற மாதிரி. நமக்கெதற்கு ஸார் இது?’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இது கதை இல்லை. அங்கேயும் வருவோம்.

முதலில் இந்த இரண்டும் என்னவென்று பார்த்துவிடலாம். மரைன் ரேடியோ கப்பல்காரர்களுடையது. இன்னின்ன அலைவரிசை இன்னின்ன வேலைக்கு என்று சர்வதேச ஒப்பந்தம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்பவர்கள் வர்த்தகக் கப்பல்கள், துறைமுகம், கடலோரக் காவல் படை. ஹாம் ரேடியோ பொழுதுபோக்குக்காரர்களுடையது. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் கம்பி கட்டி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகம் தெரியாத அர்ஜென்டினாக்காரனிடம் ‘அங்கே மழையா?’ என்று விசாரிக்கிற கோஷ்டி. ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டையே கிடையாது. எந்தப் படகானாலும் முதலில் வாங்க வேண்டியது மரைன் வி.ஹெச்.எஃப். செட். விலை சல்லிசு. 16-ம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். அதில் கூப்பிட்டால் பக்கத்தில் போகிற கப்பல் கேட்கும். ஆனால், ‘பக்கத்தில்’ என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த அலை நேர்கோட்டில் போகிற ஜாதி. பூமி உருண்டை என்பதால் அடிவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சங்கதி முடிந்தது. பாய்மர உச்சியில் ஆன்ட்டெனா வைத்தால் படகுக்குப் படகு பதினைந்து, இருபது கடல் மைல். கையடக்க செட்டில் ஐந்து மைல் போனால் புண்ணியம்.

இப்போது கன்னியாகுமரி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் எத்தனையோ நாள் பயண தூரத்தில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். டி.வி.யில் சொன்னார்கள். படகுகளில் வி.ஹெச்.எஃப். செட் இருந்தால்தான் என்ன? அந்தத் தூரத்துக்குக் கரையின் குரல் எட்டாது. செல்போன் அதற்கும் முன்பே செத்துவிடும். எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. எட்டாத ரேடியோவும் இல்லாத ரேடியோவும் ஒன்றுதான் என்பதை நம் கடற்கரை அன்று அழுதுகொண்டே தெரிந்துகொண்டது.

அப்படியானால் தூரத்துக்கு எது? ஹெச்.எஃப். என்கிற உயர் அதிர்வெண் அலை. இது மேலே போய், வானத்தில் அயனி மண்டலத்தில் மோதி, கேரம் போர்டு காய் மாதிரி திரும்பிக் கீழே வரும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டும். நடுவில் சாட்டிலைட் கிடையாது, மாதச் சந்தா கிடையாது. ஆனால், இதற்குச் சூரியனின் தயவு வேண்டும். பகலில் 12, 14, 16 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக இருக்கும். ராத்திரியில் 4, 6, 8 என்று கீழே இறங்க வேண்டும். சில நாள் பக்கத்து ஊர் கேட்காது, பனாமா பளிச்சென்று கேட்கும். கேட்கிற நேரத்தைப் பிடிப்பது ஒரு கலை. வாரம் பூரா தொட்டுக்கூடப் பார்க்காமல், புயலன்றைக்கு மட்டும் ஸ்விட்சைப் போடுகிறவருக்கு இது கைகொடுக்காது.

இந்த ஹெச்.எஃப்.பில்தான் சண்டையே. மரைன் செட்டா, ஹாம் செட்டா?

ஹாம் கட்சியின் வாதத்தைக் கேளுங்கள். நூறு வாட் ஹாம் செட் ஒன்று மரைன் செட் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். 14,300 கிலோஹெர்ட்ஸில் ‘மாரிடைம் மொபைல் சர்வீஸ் நெட்’ என்று ஒன்று நடக்கிறது. ஊதியம் இல்லாத தொண்டர்கள் முறை போட்டு உட்கார்ந்து, கடலில் இருக்கிற படகுகளின் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள். பசிபிக்கில் இன்னொரு கூட்டம் தினம் ‘அட்டெண்டன்ஸ்’ எடுக்கிறது. ‘எங்கே இருக்கே, காற்று எப்படி, எல்லாரும் சௌக்கியமா?’ நேற்று பேசிய படகு இன்று பேசவில்லை என்றால் ஒருவர் கவலைப்பட ஆரம்பிப்பார். எந்த ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டராவது நமக்காக இப்படிக் கவலைப்பட்டதுண்டா?

இமெயிலும் உண்டு. ‘வின்லிங்க்’ என்ற ஹாம் ஏற்பாட்டில் ரேடியோ வழியாகவே இலவசமாகக் கடிதம் போகும். ஒரே நிபந்தனை, காசு சம்பாதிக்கிற வியாபாரம் பேசக் கூடாது. ‘ரிலையன்ஸ் ஷேரை வித்துடு’ என்று புரோக்கருக்கு அனுப்பினால் விதிமீறல். மரைன் பக்கம் ‘செய்ல்மெயில்’ இருக்கிறது. அதில் ஷேரும் விற்கலாம், ஆனால் வருஷச் சந்தா அழ வேண்டும். பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டையும் நடத்துபவர்களுக்கு லாப நோக்கம் இல்லை என்பதே பெரிய விஷயம்.

ஹாம்களின் பெருமைக்கு நம் கண்ணெதிரே ஒரு சாட்சி உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுவதற்கென்றே போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. 26-ம் தேதி சுனாமி. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்குக் கொண்டு போன செட்டுகள் உயிரோடு இருப்பவர்களின் தகவலை வெளியே சொல்லத் தொடங்கின.

சரி, அப்போ ஹாமே வாங்கிடலாமே?

இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். ஹாம் செட்டில் சிவப்பு பட்டன் கிடையாது.

இப்போதைய மரைன் செட்டுகளில் மூடி போட்ட ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். மூடியைத் தூக்கி, சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் (இந்தியப் படகென்றால் 419-ல் தொடங்கும்), ஜி.பி.எஸ். சொல்லும் இடமும், நேரமும் டிஜிட்டலாகப் பறக்கும். எட்டுகிற தூரத்தில் உள்ள கப்பல்களின் மேல்தளத்தில் அலாரம் அடிக்கும். பேச வேண்டியதில்லை. இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. யாராவது தற்செயலாகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை.

இந்தக் கடைசி சமாசாரம் முக்கியம். ஒரு காலத்தில் 2182 கிலோஹெர்ட்ஸ் என்பது கடலில் ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதற்கான இடம். 2013 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. மனிதக் காதுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த வேலையை டிஜிட்டல் அலாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் தொண்டை கிழியக் கத்தலாம். பட்டன் இல்லாவிட்டால் எழுப்ப முடியாத ஆள் அந்தப் பக்கம் இருப்பார்.

இன்னொரு காரணம், கொஞ்சம் சங்கடமானது. ஹாம் செட்டை இயக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் படகில் ஒருத்தர்தான், கேப்டன். அந்த கேப்டனே அலையில் அடித்துக்கொண்டு போய்விட்டால்? எஞ்சியிருக்கிற மனைவியோ, பதினாலு வயசுப் பையனோ பொட்டிமேல் இருக்கும் நாற்பது பட்டனில் எதைத் திருப்புவார்கள்? மரைன் செட்டில் சேனல் நம்பர் போட்டு, மைக்கை அமுக்கிப் பேசினால் தீர்ந்தது. ஒரு ரேடியோவை மதிப்பிட வேண்டுமென்றால், அதைப் பற்றி எதுவும் தெரியாதவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கில்லாடிகள் சிலர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹாம் செட்டைத் திறந்து உள்ளே ஒரு டயோடைக் கத்தரித்துவிட்டால், அது மரைன் அலைவரிசையிலும் பேச ஆரம்பித்துவிடும். உயிர் போகிற நேரத்தில் எந்த செட்டில், எந்த அலைவரிசையில் வேண்டுமானாலும் உதவி கேட்கலாம். ஆபத்துக்குப் பாவமில்லை என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆனால், தினசரி அரட்டைக்கு இது சட்டவிரோதம். டயோடை வெட்டினாலும் சிவப்பு பட்டன் முளைக்காது.

தலைகீழ் வழிதான் உத்தமம். ஐகாம் எம்802 மாதிரியான மரைன் செட்டுகள் சட்டப்படியே ஹாம் அலைவரிசைகளிலும் வேலை செய்யும். உங்களிடம் ஹாம் லைசென்ஸ் மட்டும் இருக்க வேண்டும். முன்பெல்லாம் மோர்ஸ் ‘டக்கு டக்கு’வைப் பார்த்துப் பலர் பின்வாங்கினார்கள். அமெரிக்கா 2007-ல் அதைப் பரீட்சையிலிருந்தே தூக்கிவிட்டது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், இன்னொரு நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைந்தால் ஹாமில் வாய் திறப்பதற்கு அந்த நாட்டின் அனுமதி வேண்டும். இதை மறந்து வம்பில் மாட்டுகிறவர்கள் உண்டு.

‘சாட்டிலைட் போன் இருக்கும்போது இந்தக் கிழட்டு ரேடியோ எதுக்கு ஸார்?’ நியாயமான கேள்வி. 2018 செப்டம்பரில், அந்தப் பழைய பந்தயத்தின் நினைவாக நடந்த கோல்டன் குளோப் போட்டியில், நம் கடற்படையின் அபிலாஷ் டோமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ‘சுஹைலி’யின் அச்சாக கோவாவில் கட்டிய ‘துரியா’ அவருடைய படகு. அவர் நிலைமையை உலகத்துக்குச் சொன்னது சாட்டிலைட் வழியாகப் போன சின்னச் சின்ன எழுத்துச் செய்திகள்தான். மூன்று நாள் கழித்து ‘ஓஸிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரைத் தூக்கியது. ஆகவே, சாட்டிலைட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 406 மெகாஹெர்ட்ஸ் ‘எபர்ப்’ கருவி இல்லாமல் கடல் தாண்டுகிறவரைப் பைத்தியம் என்பேன். (சாட்டிலைட் போனோடு இந்தியாவுக்கு வருகிறவர்கள் ஜாக்கிரதை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் கம்பி எண்ண நேரிடும்.)

ஆனால், போன் என்பது இரண்டு பேர் சமாசாரம். ரேடியோ ஊர்ப் பஞ்சாயத்து. 1998 டிசம்பர் 27, சிட்னி-ஹோபார்ட் படகுப் பந்தயம். ‘ஸ்வோர்ட் ஆஃப் ஓரியன்’ என்ற படகு, போட்டி ரகசியத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ‘இங்கே காற்று நீங்கள் நினைப்பதை விடப் பயங்கரம்’ என்று ஹெச்.எஃப்.பில் சொன்னது. பின்னால் வந்த படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டன. போனில் சொல்லியிருந்தால் ஒருத்தருக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த எச்சரிக்கையைச் சொன்ன படகே அன்று மாலை புரட்டிப் போடப்பட்டு ஓர் ஆளை இழந்தது. பந்தயத்தில் மொத்தம் ஆறு பேர் இறந்தார்கள். 115 படகுகள் கிளம்பி, 44-தான் ஹோபார்ட் போய்ச் சேர்ந்தன.

வாங்கியாயிற்று. இனி கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம். விலையுயர்ந்த செட்டை வாங்கி மோசமாகப் பொருத்துகிறவர்கள்தான் அதிகம். பாய்மர உச்சியிலிருந்து பின்பக்கம் இறங்கும் இரும்புக் கயிற்றை, மேலும் கீழும் இன்சுலேட்டர் போட்டு ஆன்ட்டெனா ஆக்குவார்கள். அடியில் ஒரு ஆட்டோமேடிக் டியூனர். அதிலிருந்து கடல் நீரோடு தொடர்புள்ள உலோகத்துக்கு அகலமான செப்புத் தகடு. இந்தத் தகட்டில் கஞ்சத்தனம் பண்ணினால் மூவாயிரம் டாலர் செட்டும் முனகத்தான் செய்யும். பேசும்போது செட் 12 வோல்ட்டில் இருபது, முப்பது ஆம்பியர் குடிக்கும். பாட்டரி சோனியாக இருந்தால் பாதி வாக்கியத்தில் குரல் நடுங்கும். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றால் கை பொசுங்கும். அதையும் வீட்டுக்காரம்மாவிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

சிவப்பு பட்டனும் சும்மா வந்துவிடாது. அடையாள எண்ணைப் பதிவு செய்து செட்டுக்குள் ஏற்ற வேண்டும், ஜி.பி.எஸ். ஒயரை இணைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிற படகுகள் எத்தனையோ. எண் ஏற்றாவிட்டால் பெரும்பாலான செட்டுகளில் அழுத்தினாலும் எதுவும் போகாது; ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் ‘எங்கேயோ’ என்றுதான் போகும்.

ஆகவே, காசு கொஞ்சம்தான் என்றால் வி.ஹெச்.எஃப்.பும் எபர்ப்பும். சமுத்திரம் தாண்டுவதென்றால் ஹாமும் பேசுகிற மரைன் ஹெச்.எஃப். செட், கூடவே ஹாம் பரீட்சை. கேப்டன் மட்டுமில்லை, வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து எழுதட்டும். லைசென்ஸ் வந்ததும் படகை அவிழ்க்காமல் துறைமுகத்திலேயே ஒரு மாதம் தினம் ராத்திரி உட்கார்ந்து, எந்த நேரத்தில் எந்த மெகாஹெர்ட்ஸில் யார் கேட்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பதில் சொல்கிற குரல் ரிட்டயரான யாராவது ஒரு தாத்தாவாக இருக்கலாம். பேரைக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.